படகுத்துறை மூடிய காலமும் குடும்ப அட்டை நிவாரணமும்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், அரியாங்குப்பத்துக்கும் தவளக்குப்பத்துக்கும் இடையே சுண்ணாம்பாற்றங்கரையில் அமைந்துள்ள நோணாங்குப்பம், அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்துக்கு உட்பட்ட ஊர். புதுச்சேரி சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இங்கே இருப்பதால், முகத்துவாரத்தை ஒட்டிய பாரடைஸ் கடற்கரைக்குப் படகேற வருவோர் சனி, ஞாயிறுகளில் இவ்வூரில் திரள்கின்றனர். படகோட்டிகள், சாலையோரத்தில் இளநீரும் வறுத்த மீனும் விற்போர், ஆட்டோ ஓட்டுநர்கள், விடுதிகளிலும் உணவகங்களிலும் நாட்கூலிக்கு வேலை செய்வோர் எனப் பலரின் வாரவருமானம் அந்த இரண்டு நாட்களைச் சார்ந்திருக்கிறது. கொரோனா பெருந்தொற்றின்போது விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் இத்தகைய தொழில்களையே நேரடியாக நிறுத்தின. வழங்கப்பட்ட நிவாரணமோ குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, ஏற்கெனவே இருந்த கடன் என்ற மூன்று வழிகளில் மட்டுமே நகர்ந்தது. இழப்பு விழுந்த இடமும் உதவி சேர்ந்த இடமும் வேறுவேறாகிப் போனதன் காரணங்கள் இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் முதல் தொற்று, 2020 மார்ச் 17 அன்று, கேரளத்தால் சூழப்பட்ட மாஹேயில் உறுதிசெய்யப்பட்டது. மார்ச் 22 அன்று நாடு முழுவதும் மக்கள் ஊரடங்கு கடைப்பிடிக்கப்பட, அதற்கு அடுத்த நாள் இரவிலேயே புதுச்சேரி அரசு 144 தடை உத்தரவுடன் ஊரடங்கை அறிவித்தது. மார்ச் 25 முதல் நாடு தழுவிய ஊரடங்கு அதன்மேல் வந்து படிந்தது. இந்த ஆணைகளுக்கு அடிப்படையாக இருந்தவற்றில் முக்கியமானவை இரண்டு சட்டங்கள். பம்பாய் மாகாணத்தில் பிளேக் பரவியபோது ஆங்கிலேய அரசு இயற்றிய 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டம், கட்டுப்படுத்தவும் தண்டிக்கவும் அதிகாரம் தருகிறதே தவிர, கட்டுப்பாட்டால் பிழைப்பை இழந்தவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது குறித்து எதுவும் சொல்வதில்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் அப்படிப்பட்டதன்று. அதன் 12ஆம் பிரிவு, பேரிடரில் பாதிக்கப்பட்டோருக்கு வழங்க வேண்டிய குறைந்தபட்ச நிவாரணத்துக்கான நெறிமுறைகளைத் தேசிய ஆணையம் பரிந்துரைக்க வேண்டும் என்று கூறுவதோடு, உயிரிழப்புக்கான கருணைத் தொகையையும் வாழ்வாதாரத்தை மீட்டெடுப்பதற்கான உதவியையும் ஒரே உட்பிரிவில் அடுத்தடுத்துக் குறிப்பிடுகிறது. 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் இப்பிரிவைக் கட்டாயமானதாக விளக்கியதன் விளைவாக, கொரோனாவால் இறந்தோரின் குடும்பத்துக்கு ரூ.50,000 வழங்கப்பட்டது. அதே உட்பிரிவின் மற்றொரு பாதியான வாழ்வாதார மீட்பு, அத்தகைய தெளிவான தொகையாகவோ உரிமையாகவோ மாறவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

கட்டுப்பாடுகளின் சுமை எல்லாத் தொழில்களுக்கும் ஒரே அளவில் இருக்கவில்லை. நகரின் பெரிய மார்க்கெட்டில் இருந்த காய்கறிக் கடைகள் நெரிசலைத் தவிர்ப்பதற்காகப் புதிய பேருந்து நிலையத்துக்கு மாற்றப்பட்டன. அதாவது, இடம் மாறினாலும் வியாபாரம் தொடர்ந்தது. கடல்மீன்பிடிப்புக்கு 2020 ஏப்ரல் 10 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் விலக்கு அளித்தபோதிலும், விசைப்படகுகளுக்கான வருடாந்திரத் தடைக்காலம் ஏப்ரல் 15 அன்றே தொடங்கிவிட்டதால், அருகிலுள்ள வீராம்பட்டினம் போன்ற ஊர்களின் மீனவர்களுக்கு அந்த விலக்கால் கிடைத்தது சில நாட்கள்தான். பின்னர் 61 நாள் தடைக்காலம் மே 31 வரை என 47 நாட்களாகக் குறைக்கப்பட்டது. படகுச் சவாரிக்கு இத்தகைய மாற்று எதுவும் கிடையாது. 2021ஆம் ஆண்டின் இரண்டாம் அலையில், ஏப்ரல் 23 இரவு தொடங்கி புதுச்சேரியில் முதலில் கொண்டுவரப்பட்டது வார இறுதி ஊரடங்கு. அலுவலகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அது இரண்டு விடுமுறை நாட்களைத் தொட்ட கட்டுப்பாடாக இருக்க, சனி ஞாயிறை நம்பியிருந்த நோணாங்குப்பம் போன்ற ஊர்களுக்கோ அது ஏறத்தாழ முழு ஊரடங்கேயாகும். மே 10 முதல் வந்த முழு ஊரடங்கு அந்த வேறுபாட்டையும் இல்லாமல் செய்தது.

புதுச்சேரியின் நில அமைப்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தின் எல்லைகள் அப்படியே நீடிப்பதால், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு இடையே துண்டு துண்டாக அமைந்துள்ள இப்பகுதியில், வேலைக்கும் மருத்துவத்துக்கும் சந்தைக்கும் மக்கள் மாநில எல்லையை அன்றாடம் கடப்பது இயல்பு. கடலூர் சாலையில் முள்ளோடை எல்லையில் சோதனை நடந்தபோது, அச்சாலையை வாசலாகக் கொண்ட ஊர்களின் கடைகளுக்கு உள்ளூர் வாடிக்கையாளர்களைத் தவிர வேறு எவரும் வர வழியில்லாமல் போயிற்று.

நிவாரணத்தில் முதலாவது அரிசி. பிரதமரின் ஏழைகள் நல உணவுத் திட்டத்தின்கீழ், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாளிகள் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி இலவசமாக 2020 ஏப்ரல் முதல் ஒதுக்கப்பட்டது. ஏனைய மாநிலங்களில் இது நியாய விலைக் கடை வழியாகச் சென்றது. புதுச்சேரியில் அந்தக் கடைகள் அப்போது வழக்கம்போல் இயங்கவில்லை. அதன் பின்னணி நீண்டது. 2015 செப்டம்பரில், உணவுத் தானியத்துக்குப் பதிலாக அதன் மதிப்பைப் பயனாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தும் நேரடிப் பணப் பரிமாற்ற முறையைச் சண்டிகருடன் சேர்ந்து முதலில் ஏற்ற ஒன்றியப் பகுதி புதுச்சேரி. அதற்கும் மேலாக மாநில அரசே வழங்கிவந்த இலவச அரிசியையும் பணமாகவே தர வேண்டும் என்று துணைநிலை ஆளுநர் கிரண்பேடியும், அரிசியாகவே தர வேண்டும் என்று முதல்வர் நாராயணசாமியின் அமைச்சரவையும் வாதிட்டு, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்று, 2020 பிப்ரவரியில் பணம் என்ற நிலைப்பாடே வென்றது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கான சிவப்பு அட்டைக்கு 20 கிலோவுக்கு ஈடாக மாதம் ரூ.600, மற்றவர்களின் மஞ்சள் அட்டைக்கு 10 கிலோவுக்கு ஈடாக ரூ.300 என்பது அப்போதைய கணக்கு.

அடுத்த மாதமே ஊரடங்கு வந்தது. கடைகள் அடைபட்டு, போக்குவரத்து நின்று, விலை ஏறிய நாட்களில் வங்கிக் கணக்கில் இருக்கும் ரூ.600-ஐ எடுக்க ஏடிஎம் வரையாவது போக வேண்டும், பிறகு அரிசி கிடைக்கும் கடையைத் தேட வேண்டும். ஒன்றியம் அனுப்பிய அரிசியையோ பிரித்தளிக்கக் கடை அமைப்பு தயாராக இல்லாததால், அரசு ஊழியர்களைக் கொண்டு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. இயல்பான காலத்தில் பணப் பரிமாற்றம் சிக்கனமும் நேர்மையும் உடையதாக இருக்கலாம். ஊரே பூட்டப்படும் காலத்தில், தெருமுனையில் ஒரு கட்டடமும் எடைத்தராசும் அட்டைதாரர்களை முகம் தெரிந்த விற்பனையாளரும் இருப்பதன் மதிப்பை எந்தக் கணக்கேடும் முன்கூட்டியே காட்டுவதில்லை. புதுச்சேரியில் ரேஷன் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டது 2024 அக்டோபரில்தான்.

அடுத்து ரொக்கம். 2020இல் குடும்ப அட்டை ஒன்றுக்கு ரூ.2,000 வழங்கப்பட்டது. 2021 மே 7 அன்று பதவியேற்ற முதல்வர் ரங்கசாமியின் அரசு, இரண்டாம் அலைக்காக அட்டைக்கு ரூ.3,000 அறிவித்து, இரண்டு தவணைகளாகச் செலுத்தியது. எந்தச் சான்றும் கேட்காமல் அட்டை ஒன்றே போதும் என்றதால், அலைச்சலும் தரகும் இல்லாமல் இத்தொகை சேர்ந்தது என்பது பாராட்டத்தக்கது. அந்த எளிமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில் புதுச்சேரிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 2020-21இல் ரூ.256, அடுத்த ஆண்டில் ரூ.273, எனவே முதல் தொகை எட்டு நாள் கூலிக்கும் குறைவு, இரண்டாவது பதினொரு நாள் கூலிக்குச் சமம். மாதச் சம்பளம் குறையாத குடும்பத்துக்கும், படகுத்துறை மூடியதால் வருமானம் முற்றிலும் நின்ற குடும்பத்துக்கும் ஒரே தொகை என்பதால், இழப்பின் ஆழத்துக்கும் உதவியின் அளவுக்கும் தொடர்பே இருக்கவில்லை.

தொழில்களுக்கான உதவி பெரும்பாலும் கடன் வடிவில் வந்தது. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று அறிவித்த தவணை ஒத்திவைப்பு, அதாவது கடன் தவணையைச் செலுத்தாமல் தள்ளிப்போடும் சலுகை, ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப்பட்டது. தள்ளிப்போட்ட காலத்துக்கான வட்டி நிற்கவில்லை, வட்டிக்கு வட்டி மட்டும் பின்னர் விலக்கப்பட்டது. 2020 மே மாதத்தில் ரூ.3 லட்சம் கோடி மதிப்பில் அறிவிக்கப்பட்ட அவசரக்காலக் கடன் உத்தரவாதத் திட்டத்தில், சிறு தொழில்கள் பிப்ரவரி 29 அன்று நிலுவையிலிருந்த கடனில் 20 விழுக்காட்டைக் கூடுதல் கடனாகப் பெற முடிந்தது. வங்கிக்கு அரசு முழு உத்தரவாதம் தந்தது. 2021இல் சுற்றுலாவுக்கும் விடுதித் துறைக்கும் இது 40 விழுக்காடாக உயர்ந்தது. வாசகர் இங்கே கவனிக்க வேண்டியது, நிலுவைக் கடன் இருந்தால்தான் கூடுதல் கடன் என்ற நிபந்தனை. நகைக் கடையில் அடகு வைத்தும் கந்துவட்டிக்கு வாங்கியும் தள்ளுவண்டி போட்டவருக்கு வங்கியில் நிலுவை ஏது? அவருக்கென 2020 ஜூனில் வந்த பிரதமரின் சாலையோர வியாபாரிகள் திட்டத்தின் ரூ.10,000 கடன், நகர்ப்புற எல்லைக்குள் வியாபாரம் செய்வோரை மையமாகக் கொண்டிருந்தது. சுற்றுப்புற ஊர்க்காரர் நகருக்குள் வந்து விற்றால் பயன்பெற முடிந்தது. தன் ஊரிலேயே, கொம்யூன் எல்லைக்குள், படகுத்துறை வாசலில் விற்பவரை மனத்தில் வைத்து அது வகுக்கப்படவில்லை. சுற்றுலா வழிகாட்டிகளுக்கு ரூ.1 லட்சம், முகமைகளுக்கு ரூ.10 லட்சம் என 2021 ஜூனில் அறிவிக்கப்பட்ட உத்தரவாதக் கடனும் பதிவும் உரிமமும் பெற்றவர்களுக்கே உரியதாக இருந்தது.

இதே காலத்தில் பிரான்ஸ் என்ன செய்தது என்று பார்ப்பது, அந்நாட்டோடு இன்றும் குடியுரிமை வழியாகவும் ஓய்வூதியம் வழியாகவும் தொடர்புள்ள புதுச்சேரிக்கு அந்நியமானதன்று. அங்கே 2020 மார்ச்சில் உருவாக்கப்பட்ட ஒற்றுமை நிதி, விற்றுமுதலில் பாதி குறைந்த சிறு கடைக்காரருக்கு மாதம் 1,500 யூரோ வரை கடனாக இல்லாமல் மானியமாகவே தந்தது. வேலை நிறுத்திவைக்கப்பட்ட தொழிலாளிக்கு நிகர ஊதியத்தில் ஏறத்தாழ 84 விழுக்காடு கிடைத்தது. அந்நாட்டின் செல்வத்தை இங்கு எதிர்பார்க்க முடியாது. ஆயினும், முந்தைய ஆண்டின் விற்பனையோடு ஒப்பிட்டு இழப்பை அளந்து, அதற்கேற்ப உதவியை வகுத்த முறையைக் கடைப்பிடிக்கச் செல்வத்தைவிட முதலில் தேவைப்படுவது பதிவேடு.

புதுச்சேரி அரசின் கையிருப்பும் மெலிந்திருந்தது. சுற்றுலாவையும் மது விற்பனையையும் பெரிதும் நம்பிய வருவாய் நின்றுபோக, 2020 மே 25 அன்று மதுக்கடைகள் சிறப்புக் கொரோனா வரியுடன் திறக்கப்பட்டன. தமிழ்நாட்டு விலைக்கு இணையாக விலையை உயர்த்தி எல்லை தாண்டி வருவோரைத் தடுப்பதும் அதன் நோக்கம். 2021 ஏப்ரலில் அந்த வரி நீங்கியது.

பணமும் அரிசியும் ஒருபுறம் இருக்க, ஊரில் யாருக்கு என்ன நின்றுபோயிற்று என்று அறிந்து சொல்லும் பொறுப்புடைய அமைப்பு எது என்ற கேள்வியே எல்லாவற்றையும்விட முக்கியமானது. கேரளத்தில் ஊராட்சிகளும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் சேர்ந்து சமூகச் சமையலறைகளை நடத்தின. வார்டு உறுப்பினருக்கு எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது தெரிந்திருந்தது. புதுச்சேரியில் பத்து கொம்யூன் பஞ்சாயத்துகள் உள்ளன. 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல் அவற்றுக்குத் தேர்தல் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. பெருந்தொற்று வந்தபோது அரியாங்குப்பம் கொம்யூனில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு உறுப்பினர்கூடப் பதவியில் இல்லை. படகோட்டியின் பெயரும் இளநீர்க் கடைக்காரரின் பெயரும் எந்தத் திட்டத்தின் பட்டியலிலும் விடுபட்டால், அதை எடுத்துச் சொல்லும் அதிகாரம் பெற்றவர் ஊருக்குள் எவரும் இருக்கவில்லை. சட்டமன்ற உறுப்பினரும் வருவாய்த் துறை ஊழியரும் எவ்வளவு உழைத்தாலும், தெரு அளவிலான அந்த அறிவு அவர்களின் பணிக்குள் அடங்குவதில்லை. இரண்டாம் அலை ஓய்ந்த பின், 2021 அக்டோபரில் நடத்துவதாக உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கப்பட்டு, பின்பு நவம்பருக்கு மாற்றப்பட்டு, இட ஒதுக்கீடு தொடர்பான வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தடையால் நின்றது. அந்தத் தேர்தல் நடக்க வேண்டும். நடந்து அமையும் பஞ்சாயத்து செய்ய வேண்டிய முதல் வேலைகளில் ஒன்று, தன் எல்லைக்குள் கடன் கணக்கும் உரிமமும் இல்லாமல் தொழில் செய்வோரின் பெயர், தொழில், பருவம் ஆகியவற்றை வீடு வீடாகச் சென்று எழுதி வைப்பது.