டயர் ஏன் ஒழுங்கில்லாமல் தேய்கிறது?

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே டயர் ஓரம் தேய்வது இயல்பு. ஆனால் டயரைக் குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழவழப்பும் மறுதிசையில் ரம்பப்பல் போன்ற கூர்மையும் தட்டுப்பட்டால், முன்சக்கரங்கள் இணையாக இல்லை. நேர்ச்சாலையிலும் ரப்பர் பக்கவாட்டில் உரசியே ஓடுகிறது.

சோதிக்க ஜாக்கி, ஆணி, டேப் போதும். சமதரை வேண்டும், மலையில் அதுதான் அரிது. பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, டயரின் நடுவே ஆணியால் மெல்லிய கோடு கீறுங்கள். மற்றதிலும் அப்படியே. இறக்கி, வண்டியைச் சில அடி முன்னே தள்ளுங்கள். அப்போதுதான் சஸ்பென்ஷன் இயல்பாக அமரும். கோடுகளின் இடைவெளியை டயரின் முன்னும் பின்னும் ஒரே உயரத்தில் அளவிடுங்கள். வித்தியாசம் கையேட்டிலுள்ள அளவை மீறினால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, ராடை இருபுறமும் சமமாகத் திருகுங்கள். ஒருபுறம் மட்டும் திருகினால் ஸ்டியரிங் கோணலாகும். நட்டை நன்றாக இறுக்கி, மறுபடி அளவிடுங்கள்.