முகவரி கொடுத்தால் மட்டும் போதுமா?

கணக்கு வழக்கு, கிடங்கு இருப்பு, சம்பளப் பட்டியல் போன்ற வணிக வேலைகளுக்காகவே 1959-இல் ஐபிஎம் நிறுவனம் உருவாக்கிய கணினி மொழி ஆர்பிஜி. 1988-இல் வந்த ஏஎஸ்/400 கணினிகளில் அது வேரூன்றியது. அவற்றின் வழிவந்த, ‘ஐபிஎம் ஐ’ இயங்குதளம் கொண்ட கணினிகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு புரோகிராம் இன்னொன்றை அழைக்கும்போது தொகை, தேதி போன்ற விவரங்களையும் கொடுத்தனுப்புகிறது. இவைதான் பாராமீட்டர்கள். ஆர்பிஜி வழக்கமாக மதிப்பை அனுப்புவதில்லை. நினைவகத்தில் அது இருக்கும் முகவரியை மட்டுமே அனுப்புகிறது. அங்கே இருப்பது எண்ணா, எழுத்தா, எத்தனை பைட் என்பதை அழைக்கப்படும் புரோகிராம் தன் போக்கில் வைத்துக்கொள்ளும். அனுப்பியதும் எதிர்பார்த்ததும் ஒத்துப்போகாவிட்டால்தான் சிக்கல்.

கட்டளை வரியில் 125.50 என்ற எண்ணைக் கொடுத்து ஒரு புரோகிராமை அழைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கணினி அதை மொத்தம் 15 இலக்கம், அதில் தசமம் 5 என்ற கணக்கில் 8 பைட்டுக்குள் அடுக்கும்: 000000012550000, கடைசி அரை பைட்டில் கூட்டல் குறி. புரோகிராமோ 7 இலக்க எண்ணை எதிர்பார்த்து முதல் 4 பைட்டை மட்டும் படிக்கிறது. அதற்குக் கிடைப்பது 00000001. குறி இருக்கவேண்டிய இடத்தில் 1 நிற்கிறது. அந்த எண்ணைக் கணக்கில் எடுத்ததுமே தசமப் பிழை என்று ஓட்டம் நின்றுவிடும்.

நின்றுவிட்டால்கூடத் தேவலை. 10 எழுத்து மாறியை அனுப்ப, வாங்கிய புரோகிராம் அதை 50 எழுத்தாக நினைத்து எழுதினால், பக்கத்திலுள்ள 40 பைட் சத்தமில்லாமல் அழியும். பிழை வேறெங்கோ, வேறொரு நாளில் தலைகாட்டும்.

1994-இல் ஆர்பிஜி 4 வந்தது. அதில் அடுத்த சில ஆண்டுகளுக்குள் சேர்ந்த புரோட்டோடைப் இதற்கு மருந்தானது. எத்தனை பாராமீட்டர், என்ன வகை, என்ன நீளம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால், பொருந்தாத அழைப்பை, புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே மறுத்துவிடும். ‘கான்ஸ்ட்’ என்று சேர்த்தால், தேவைப்படும்போது சரியான வடிவில் ஒரு தற்காலிக நகல் செய்து அதன் முகவரியை அனுப்பும். வாங்கிய புரோகிராமால் அதை மாற்ற முடியாது. புரோகிராமை அல்லாமல் அதன் உட்பகுதியான புரோசீஜரை அழைக்கும்போது ‘வேல்யூ’ என்று சேர்த்தால் நகலே போகும். அதை எப்படி மாற்றினாலும் மூல மதிப்புக்குச் சேதமில்லை.

ஆனால் கட்டளை வரி அழைப்பு புரோட்டோடைப்பைப் பார்க்காது. அங்கிருந்து எண் வாங்கும் புரோகிராமில் 15 இலக்கம், 5 தசமம் என்றே அறிவியுங்கள். புரோட்டோடைப்பை ஒரே கோப்பில் வைத்து, அழைக்கும் புரோகிராம், அழைக்கப்படும் புரோகிராம் இரண்டிலும் சேருங்கள். அப்போதுதான் கம்பைலர் இரு பக்கத்தையும் சரிபார்க்கும்.