இலை வடிவ அலகும் விரியும் அலகும்

அம்பு கொல்லும் முறை வேறு, துவக்குக் குண்டு கொல்லும் முறை வேறு. குண்டு தன் வேகத்தால் சதையைச் சிதைத்து எலும்பை நொறுக்குகிறது. அம்போ கத்தியின் வேலையைச் செய்கிறது. அது விலா எலும்புகளின் இடையே நுழைந்து, நுரையீரலையும் பெருங்குருதிக் குழாய்களையும் அறுத்து, குருதி இழப்பால் விலங்கு சிறிது தொலைவுக்குள் விழும்படி செய்கிறது. ஆகவே வேட்டை அம்பின் உயிர்நிலை முனையில் பொருத்தித் தீட்டிய உலோகத் தகட்டிலேயே இருக்கிறது. அத்தகட்டைத் தமிழ் ‘அலகு’ என்கிறது. இக்கால வேட்டைக்காரர் அதனையே ‘பிராட்ஹெட்’ என்று வழங்குகின்றனர். அசையாமல் நிற்கும் நிலையலகு, இலக்கில் பட்டவுடன் விரியும் விரியலகு என இவ்வலகுகள் இன்று இரு வகைப்படுகின்றன. குறுக்குவில்லுக்கு எது தகும் என்ற வினாவும் இப்பிரிவிலிருந்தே எழுகிறது.

புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் வல்வில் ஓரியின் ஓர் அம்பைப் புகழ்கிறார். அந்த அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி, இறுதியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்ததாம். புலவரின் மிகைப்படுத்தலைத் தள்ளிவிட்டாலும் ஒன்று எஞ்சுகிறது: அவர் வியந்தது அம்பு எவ்வளவு ஆழம் சென்றது என்பதையே, எவ்வளவு அகலமாக அறுத்தது என்பதையன்று. ஆழமும் அகலமும் ஒரே ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்பவை. ஒன்று கூடினால் மற்றது குறையும்.

திருகோணமலை வட்டாரத்தில் அம்பலகைப் பற்றிய பழைய செய்தியொன்று, நகருக்கு எதிரே கொட்டியாரக் குடாவின் மறுகரையிலிருக்கும் மூதூரோடு தொடர்புடையவர் வழியே கிடைத்திருக்கிறது. புயலில் பழுதான கப்பலைச் செப்பனிட அக்குடாவுக்கு வந்து 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்ட ரொபர்ட் நொக்ஸ், 1679இல் தப்பிச் சென்று 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில், இலங்கையின் பழங்குடியினரான வேடர் கொல்லனிடம் அம்பலகு பெறும் முறையை விவரிக்கிறார். வேடர் இரவில் வந்து, தமக்கு வேண்டிய அலகின் வடிவில் வெட்டிய இலையொன்றையும் இறைச்சியையும் பட்டறையில் தொங்கவிட்டுச் செல்வர். கொல்லன் அவ்வடிவில் அடித்து வைத்தால் மேலும் இறைச்சி கிடைக்கும், செய்யாது விட்டால் இரவில் அவன்மேல் அம்பு பாயும். (வாடிக்கையாளரின் முகத்தையே காணாத இந்தக் கொல்லன், வேலையைத் தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவனாக இருந்திருக்க முடியாது.) சி. ஜி. செலிக்மன், பிரெண்டா செலிக்மன் இணையர் 1911இல் வெளியிட்ட வேடரைப் பற்றிய பெருநூல், கிழக்குக் கரையில் தமிழ் பேசி வாழும் கரையோர வேடரைப் பற்றியும் எழுதுகிறது. மூதூர், வெருகல் பக்கங்களில் அவர்தம் வழிவந்தோர் இன்றும் வாழ்கின்றனர்.

இலையைப் பார்த்து அடிக்கத்தக்கது நிலையலகு மட்டுமே. அது முழுவதும் ஒரே இரும்பு. நுனி தோலைத் தொட்ட கணத்திலேயே விளிம்பும் அறுக்கத் தொடங்குகிறது. மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்டிக்கொள்ளலாம். கையால் இழுக்கும் மரவில்லுக்கு அது பொருந்தியதற்குக் காரணம் உண்டு. வேடரின் அம்பு ஏறத்தாழ ஒரு கெச நீளமுடையது, அடியில் பெரிய இறகுகள் கட்டப்பட்டது, மெதுவாகச் செல்வது. பறக்கும் அம்பு சற்றே சாய்ந்தாலும் முன்னுள்ள அகன்ற அலகு ஒரு சிறகாக மாறிக் காற்றைப் பிடித்து அம்பை மேலும் திருப்ப முயல்கிறது. பின்னுள்ள இறகுகள் அதற்கு எதிராக இழுத்து நேராக்குகின்றன. தண்டு நீளமாக இருக்கும்போது இறகுகளுக்கு நெம்புகோலின் நீண்ட கை கிடைப்பதால் அவையே வெல்கின்றன.

குறுக்குவில்லில் இந்தக் கணக்கு மாறுகிறது. ஒரு கட்டையின்மீது வில்லைக் குறுக்கே பொருத்தி, இழுத்த நாணைக் கொக்கியில் மாட்டி, விசையைத் தட்டி விடுவிப்பதே குறுக்குவில். மதுரைக் கோட்டையின் காவற்பொறிகளுள் சிலப்பதிகாரம் சொல்லும் வளைவிற் பொறியை, தானே வளைந்து எய்யும் இயந்திரவில் என்று உரையாசிரியர் விளக்கினர். தம்பலகாமக் குடாவின் முத்துச்சிப்பிகளை ஆராய்ந்தவரும் பின்னர் சென்னை மாகாண மீன்வளத் துறைக்குத் தலைமை தாங்கியவருமான ஜேம்ஸ் ஹோர்னெல், தென்னிந்தியாவின் ஊதுகுழல், வளரி, குறுக்குவில் ஆகியன பற்றி 1924இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஆயினும் அவர் கண்ட மரப்பொறிக்கும் இன்றைய குறுக்குவில்லுக்கும் உள்ள தொலைவு, மாட்டுவண்டிக்கும் மோட்டார் வண்டிக்கும் உள்ளதைப் போன்றது. இன்றைய வில் 26 கிராம் எடையுள்ள குட்டை அம்பை நொடிக்கு 107 மீட்டர் வேகத்தில் எய்யவல்லது; அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 149 ஜூல். கைவில் 40 கிராம் அம்பை நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் எய்வதாகக் கொண்டால் அதற்குக் கிடைப்பது 40 ஜூல் மட்டுமே.

ஆற்றல் பெருகியது நல்லதே. ஆனால் காற்றின் விசை வேகத்தின் இருமடியாக ஏறுவதால், அதே அலகின் மேல் காற்று ஐந்து மடங்கிற்கும் அதிகமாகப் பிடிக்கிறது. அம்பின் நீளமோ 40 முதல் 55 சென்ரிமீட்டர் அளவே. இறகுகளின் நெம்புகை பாதியாகச் சுருங்கிவிட்டது. அதனால் பயிற்சி முனையோடு குறி தவறாமல் செல்லும் அம்பு, அகன்ற நிலையலகைப் பொருத்தியதும் ஒரு கை அகலம் விலகிப் பாய்வது புதியவரைத் திகைக்க வைக்கும். நிலையலகுகளைப் பெரும்பாலும் 25 முதல் 32 மில்லிமீட்டர் அகலத்துக்குள் அடக்கிவிடுவதற்கு இதுவே காரணம்.

விரியலகு இச்சிக்கலுக்கு விடையாகவே பிறந்தது. அதில் அலகுகள் சிறு ஆணியொன்றில் சுழலும்படி பொருத்தப்பட்டு, பறக்கும்போது உடலோடு ஒட்டி மடிந்திருக்கும். காற்றுக்கு அது வெறும் ஊசிமுனையாகவே தோன்றும். ஒரு வகையில், முன்பக்கம் மடிந்த அலகின் வெளிநீண்ட நுனி தோலில் சிக்கியதும் அலகு குடை திரும்புவதுபோலப் பின்னோக்கிப் புரண்டு விரியும். மற்றொரு வகையில், அலகுகள் பள்ளங்களின் வழியே பின்னோக்கி வழுக்கியபடி அகலும். ஆற்றல் வீணாவது இதில் குறைவு. விரிந்தபின் 50 மில்லிமீட்டருக்கு மேலும் அகலம் கிடைக்கும். அதுவரை அலகை மடித்து வைத்திருப்பது ஓர் இரப்பர் வளையமோ உடைந்துவிழும் பிளாஸ்டிக் பட்டியோதான்.

அவ்வளையம் தாங்கும் சுமையைக் கணக்கிட்டால் வியப்பு ஏற்படும். நாண் 35 சென்ரிமீட்டர் தொலைவு தள்ளி அம்பை நொடிக்கு 107 மீட்டருக்குக் கொண்டுவரும்போது, அம்பு புவியீர்ப்பைப் போல 1,600 மடங்கு முடுக்கம் பெறுகிறது. 2 கிராம் எடையுள்ள ஓர் அலகு அக்கணத்தில் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட கனத்தோடு பின்னோக்கி இழுபடுகிறது. வளையம் தளர்ந்திருந்தால் அலகு வில்லைவிட்டு நீங்கும் முன்பே விரிந்து, நிலையலகைவிட மோசமாக அம்பை அலைக்கழிக்கும். குறுக்குவில்லுக்கென்றே இறுக்கமான பட்டியோடு தனி விரியலகுகள் விற்கப்படுவது இதனால்தான். இரப்பரோ வெயிலில் வெடிக்கும் இயல்புடையது. திருகோணமலையின் ஆடி மாத வெயிலில் அதை நம்பியிருப்பது அறிவுடைமையாகாது.

அகலத்தைப் பற்றிய விளம்பரங்களையும் சற்றுக் கணக்கிட்டே ஏற்கவேண்டும். மூன்று தகடுகள் கொண்ட 30 மில்லிமீட்டர் நிலையலகில் ஒவ்வொரு தகடும் நடுவிலிருந்து 15 மில்லிமீட்டர் அறுக்கிறது. ஆக மொத்த வெட்டு 45 மில்லிமீட்டர். இரு தகடுகள் கொண்ட 50 மில்லிமீட்டர் விரியலகின் மொத்த வெட்டு 50 மட்டுமே. இந்த ஐந்து மில்லிமீட்டர் ஆதாயத்துக்காகச் சுழலும் ஆணி, உடையும் பட்டி, விரிவதில் செலவாகும் ஆற்றல் ஆகிய மூன்றையும் ஏற்க வேண்டியிருக்கிறது. சாய்ந்த கோணத்தில் பட்டால் ஒரு பக்க அலகு முந்திச் சிக்கி அம்பு திசைமாறவும் கூடும். நேரான பறப்புக்காக விரியலகைத் தேர்வது நியாயம். அகலத்துக்காக மட்டும் தேர்வது வாதத்துக்கு நிற்காது.

இலங்கையில் இத்தேர்வு ஏட்டளவிலானதே. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மானையும் மரையையும் காக்கிறது. அமெரிக்க வேட்டைக்காரர் வெள்ளைவால் மானைக் கருதி விரியலகை வாங்க, அதன் உடலமைப்பை ஒத்த புள்ளிமான்கள் திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டை வாசலிலும் நகரத் தெருக்களிலும் மாலைநேரத்தில் ஆளுக்கு அஞ்சாமல் மேய்கின்றன. வேடரின் வில்லைப் பெரும்பாலும் ஓரங்கட்டியது சட்டமன்று, இடியன் துவக்கே.

தேர்வை முடிவுசெய்வது வில்லின் வலுவோடு விலங்கின் உடலும் ஆகும். மானின் விலா மெல்லியது, தோல் தளர்ந்தது. அங்கே விரியலகு தங்கு தடையின்றித் திறந்து கடந்துவிடும். ஆண் காட்டுப்பன்றிக்கோ தோளின்மேல் தோலும் கொழுப்பும் நாரும் தடித்துக் கேடயமாக அமைந்திருக்கும்; சேற்றில் புரண்டு காய்ந்த மண்ணும் அதன்மேல் ஓடாக ஒட்டியிருக்கும். அந்தக் கேடயத்தில் பட்ட விரியலகு, உள்ளே செல்லவேண்டிய ஆற்றலில் ஒரு பகுதியை வாசலிலேயே விரிவதற்குச் செலவிட்டுவிடும். ஒடுங்கிய, கெட்டியான, இரு பக்கமும் தீட்டிய நிலையலகு மண்ணையும் தோலையும் பிளந்துகொண்டு நேரே நெஞ்சுக்கூட்டுக்குள் போகும்.