கங்கைகொண்ட சோழபுரமும் குழந்தைகளும்



ஆண்டிமடத்தில் வாழும் நமக்குக் கங்கைகொண்ட சோழபுரம் தொலைவூர் அன்று. ஜெயங்கொண்டம் வழியே காலையிற் சென்றால் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். அங்கு முதலாம் இராசேந்திர சோழன் எழுப்பிய கோயிலை யுனெஸ்கோ நிறுவனம் 2004-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது. உலகோர் தேடிவந்து காணும் அவ்விடத்தை நம் சிறுவர்கள் எவ்வாறு காண்கின்றனர்? சுற்றுலாவில் வரிசையாக நுழைகின்றனர். அரைமணி நேரத்தில் வரிசையாக வெளியேறுகின்றனர். ‘பெரிய கோயில் பார்த்தோம்’ என்பதற்குமேல் அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இது குழந்தைகளின் குறையன்று. காட்டும் முறையின் குறை.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நான் கற்ற முதற்பாடம். விமானம் 53 மீட்டர் உயரம் என்றால் சிறுவனுக்கு விளங்காது. ஓங்கிய தென்னைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாற்போல என்றால் உடனே அண்ணாந்து பார்ப்பான். தஞ்சை விமானம் நேர்க்கோடாய் உயர்வது. இதுவோ வளைந்து குழைந்து எழுவது. அவ்வளைவை விரலால் வானில் வரையச் சொல்லுங்கள், பிறகு மறக்கமாட்டான்.

அடுத்து, குழந்தையின் பார்வைக்கு எட்டும் பொருள்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வடபுற வாயிற்படி அருகே சண்டேசருக்குச் சிவபெருமான் பூமாலை சூட்டும் சிற்பம் உள்ளது. அச்சண்டேசர் பசு மேய்த்த ஒரு சிறுவர் என்று சொல்லிப் பாருங்கள். கேட்கும் சிறுவர்கள் நகரமாட்டார்கள். முற்றத்திலுள்ள சிங்கக் கிணற்றுக்குச் சுதையாலான சிங்கத்தின் உடல்வழியே படிகள் இறங்குகின்றன. சற்றுத் தொலைவில் மாளிகைமேட்டில், தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்து கண்ட அரண்மனையின் செங்கல் அடித்தளம் இருக்கிறது. கோயில் கல்லால் நின்றது, அரண்மனை ஏன் மண்ணுள் மறைந்தது என்று குழந்தையே வினவுமாறு செய்வதுதான் கல்வி.

குழந்தை தனியே வருவதில்லை. பாட்டியும் கைக்குழந்தையும் உடன் வருவர். நண்பகலில் நடை சாத்தப்படும். கருங்கல் தளமும் காலைச் சுடும். ஆகவே காலையோ மாலையோ ஏற்ற நேரம். நிழல், குடிநீர், கழிப்பிடம், அமர ஓரிடம் ஆகியவை அலங்காரமல்ல. அவையின்றிக் குடும்பங்கள் நின்று காண இயலாது. பொது இடங்கள் மாற்றுத்திறனாளிகளும் அணுகத்தக்கனவாய் இருத்தல் வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகிறது. பழங்கல்லுக்கு ஊறு நேராமல், வேண்டும்போது வைத்து எடுக்கத்தக்க மரச்சாய்தளம் அமைத்தால் சக்கர நாற்காலியும் தடையின்றிச் செல்லும்.

இதற்கு இத்துணை முயற்சி எதற்கு என வினவலாம். 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது இக்கோயில் மதிலின் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அதைத் தடுக்க முன்வந்தவர்கள் அறிஞரல்லர்; அவ்வூர் ஏழை மக்கள். அவர்கள் தண்டிக்கப்பட்டனர். கல்லுக்கு மாற்றாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகக் கூறிய வாக்குறுதியும் நிறைவேறவில்லை. எனினும் அம்மக்கள் எழுந்து நின்றது எதனால்? அக்கோயில் அவர்களுக்குச் சொந்தமாயிருந்ததனால். இன்று இந்தியத் தொல்லியல் துறை அதனைக் காத்து வருகிறது. ஆயினும் சுவரில் பெயர் கீறும் கையைத் தடுக்க எல்லா வேளையிலும் காவலர் நிற்க இயலுமா? அக்கை தானே நிற்க வேண்டும். இளமையில் ஒரு சிற்பத்தின் கதையை அறிந்தவன் பின்னாளில் அதன்மேல் ஆணி வைக்கமாட்டான்.

ஆதலின் மாணவர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் தம்பி தங்கையரை அங்கே அழைத்துச் செல்லுங்கள். முழுக் கோயிலையும் காட்ட முயலவேண்டா. மூன்றே பொருள்களைக் காட்டுங்கள். அவர்கள் வினவும்வரை பொறுத்திருங்கள். விடை தெரியாத வினா எழுமாயின் இருவருமாக நூலகம் செல்லுங்கள்.