பொம்மைத் துப்பாக்கியை அறிபுனைக் கருவியாக மாற்றுதல்

பொம்மைத் துப்பாக்கியை அறிபுனைக் கருவியாக மாற்றுதல் என்பது, நுரை அம்பு எய்யும் நெகிழிப் பொம்மையை மறுபூச்சு, கூடுதல் உறுப்புகள் ஆகியவற்றின் மூலம் அறிபுனைக் கதைகளில் வரும் ஆயுதம் போலத் தோன்றச் செய்யும் கைவினை ஆகும். நாடகம், குறும்படம், காஸ்பிளே எனப்படும் கதைமாந்தர் வேடமணிதல் ஆகியவற்றில் இது பயன்படுகிறது. தமிழ்நாட்டில் காமிக் கான் விழா 2024 பிப்ரவரியில் சென்னை வர்த்தக மையத்தில் முதன்முறையாக நடைபெற்றது.

வரலாறு

திரைப்படங்களில் இக்கலை எதிர்த்திசையில் தொடங்கியது. 1977இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் மெய்யான துப்பாக்கிகளே கற்பனை ஆயுதங்களாக உருமாற்றப்பட்டன. ஹான் சோலோவின் கைத்துப்பாக்கிக்கு ஜெர்மானிய மவுசர் சி96 அடிப்படையாகும். வெள்ளைக் கவசப் படையினரின் ஆயுதம் பிரித்தானிய ஸ்டெர்லிங் துப்பாக்கியிலிருந்து செய்யப்பட்டது. இந்தியப் படையிலும் காவல்துறையிலும் கார்பைன் என வழங்கிய துப்பாக்கி, அதே ஸ்டெர்லிங்கின் கான்பூரில் தயாரான வடிவமாகும்.

பின்னாளில் ஆர்வலர்கள் பொம்மையிலிருந்து தொடங்கினர். ஹாஸ்புரோ நிறுவனத்தின் நெர்ஃப் வகைப் பொம்மைகள், குறிப்பாக ஆறு அம்புகள் கொண்ட மேவரிக், இதற்குப் பெரிதும் பயன்பட்டன.

இயங்குமுறை

இப்பொம்மையினுள் ஓர் உருளையும், சுருள்வில்லால் தள்ளப்படும் உந்துதண்டும் உள்ளன. பிடியை இழுக்கும்போது வில் அமுங்கிக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். விசையை அழுத்தினால் கொக்கி விடுபட்டு, உந்துதண்டு காற்றை நெருக்கி அம்பை வெளியே தள்ளும். காட்சிப் பொருளுக்கு எய்யும் திறன் தேவையில்லை என்பதால் சிலர் வில்லை அகற்றிவிடுவர். வலுவான வில்லைப் பொருத்தினால் அம்பின் வேகம் கூடிக் கண்ணுக்குத் தீங்கு நேரலாம்.

செய்முறை

வில் தளர்ந்த நிலையில் திருகுகளைக் கழற்றி, உள்ளுறுப்புகளின் இருப்பைப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். நிறுவனப் பெயரையும் எழுத்துகளையும் உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, பள்ளங்களை எம்-சீல் போன்ற பசையால் நிரப்புவர். பேனா மூடி, கம்பித் துண்டு, பழுதான மின்சுற்றுப் பலகை போன்றவற்றை ஒட்டுவதால் பொம்மையின் உருவரை மாறுகிறது. பின்னர் அடிப்பூச்சும், அதன்மேல் மெல்லிய பல பூச்சுகளும் இடப்படும். ஒன்றோடொன்று உராயும் உள்ளுறுப்புகளில் வண்ணம் பட்டால் அவை இறுகிவிடும்.

இறுதியாக, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் விளிம்புகளில் வெள்ளி வண்ணம் தீற்றப்படும். பழைய கருவியில் கைபடும் பிடியும் முனைகளுமே முதலில் தேயும். தேய்மானத்தை அவ்விடங்களில் மட்டும் காட்டினால் தோற்றம் நம்பத்தகுந்ததாக அமையும்.

தோல் உறை

கருவிக்கேற்ற இடுப்பு உறையைத் தோலில் செய்வது வழக்கம். சத்துவாச்சாரியை உள்ளடக்கிய வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் பாலாற்று வட்டாரம் தோல் தொழிலுக்குப் பெயர்பெற்றது. காலணிகளின் மேற்பகுதிக்குப் பரவலாகப் பயன்படும் குரோமியத் தோல் மென்மையானது, வடிவம் நிலைப்பதில்லை. ஆவாரம்பட்டை, வாட்டில் பட்டை, கடுக்காய் முதலியவற்றால் பதனிட்ட தோலை நனைத்து, கருவியின்மீது அழுத்தி உலர்த்தினால் அவ்வடிவிலேயே விறைத்து நிற்கும். எனவே உறைக்கு இதுவே ஏற்றது.

சட்டமும் பாதுகாப்பும்

பொம்மையின் பளிச்சென்ற நிறமே அது பொம்மை என்பதற்கான அடையாளம். மறுபூச்சு அவ்வடையாளத்தை அழிக்கக்கூடும். அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கிகளுக்குச் செம்மஞ்சள் முனை போன்ற அடையாளம் வேண்டும் என 1988ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2014 நவம்பர் 22 அன்று கிளீவ்லாந்து நகரப் பூங்காவில், செம்மஞ்சள் முனை நீக்கப்பட்ட போலித் துப்பாக்கியை வைத்திருந்த 12 வயதுச் சிறுவன் தமீர் ரைசு, காவலர் அங்கு வந்த சில நொடிகளில் சுடப்பட்டான், மறுநாள் உயிரிழந்தான்.

இந்தியாவில், போலித் துப்பாக்கியை உரிமமின்றிச் சுடுகருவியாக மாற்றுவதை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு தடை செய்கிறது. தோற்றத்தை மட்டும் மாற்றினாலும், காண்போர் அஞ்சும்படி பொதுவிடத்தில் ஏந்திச் செல்லலாகாது. முனையின் நிறத்தை விட்டுவைத்தல், நடைமுறைத் துப்பாக்கிகளின் சாயலைத் தவிர்த்தல், பையில் மூடி எடுத்துச் செல்லுதல் ஆகியன நன்று. இக்கலையில் உண்மைத் துப்பாக்கி போலத் தோன்றும் கருவியைவிட, இவ்வுலகில் இல்லாத கருவி எனப் பார்த்தவுடன் புலப்படுவதே பாதுகாப்பானது.