கட்டுச்சோறும் கடிகாரமும்

ஆண்டு முழுதும் தறியில் உழைப்போரும் கழனியில் உழைப்போரும் ஒரு நாளேனும் மனைவி மக்களுடன் வெளியூர் சென்று களித்து வருதல் மிகவும் விரும்பத்தக்கது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்றும் காணும் பொங்கலன்றும் சித்திரான்னங்களைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குச் சென்று உண்ணும் வழக்கம் தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. இந்நாளில் சங்க உறுப்பினர்கள் பலர் ஒன்று சேர்ந்து பேருந்து அமர்த்திக்கொண்டு தொலைவிலுள்ள அருவிகளுக்கும் அணைகளுக்கும் போய் வருகின்றனர். நல்ல வழக்கமே. ஆயினும், பேருந்து வாடகையைப் பேசி முடிப்பதில் காட்டும் கவலையில் பாதியைக்கூட, உடன் கொண்டு செல்லும் உணவைத் தேர்வதில் நம்மவர் காட்டுவதில்லை.

திருநாவுக்கரசர் திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து செல்லுகையில் பசியால் வருந்த, சிவபெருமானே அந்தணர் வடிவில் பொதிசோற்றுடன் வழியில் காத்திருந்து அளித்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. நம்மை அவ்வாறு எதிர்கொள்வார் இலர். ஆதலின் நம் பொதியை நாமே ஆராய்ந்து கட்டுதல் வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு

பவானியில் ஜமக்காளம் நெய்யும் குடும்பங்களும் அக்கம்பக்கத்து மஞ்சள் விவசாயிகளும் ஒகேனக்கல்லுக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். காலை 5 மணிக்குப் பேருந்து கிளம்பும். எனவே சோறு 3 மணிக்கே வடிக்கப்படும். வழியில் மேட்டூர் அணையையும் பார்த்துவிட்டு, அருவியில் குளித்து முடித்து இலை போடும்பொழுது பகல் 1 மணி ஆகிவிடும். ஆக, சோறு 10 மணி நேரம் காத்திருக்கிறது. மிச்சத்தை மாலை 5 மணிக்குக் குழந்தைகளுக்குக் கொடுப்பதானால் 14 மணி நேரம்.

வீட்டில் சமைத்து வீட்டிலேயே உண்பவர், எது சுவை என்று கேட்டால் போதும். வெளியூர் செல்பவர் அதற்கு முன்னே, எது எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டாக வேண்டும். சமைக்கும் வேளையைக் கொண்டல்ல, உண்ணும் வேளையைக் கொண்டே உணவைத் தேர்தல் வேண்டும் என்பதே நாம் இங்கு வற்புறுத்த விரும்பும் செய்தி.

கெடுவது ஏன்?

அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்கிருமியின் வித்துகள் சோறு கொதிக்கும்பொழுதும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை விழித்துக்கொண்டு பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சை அதில் விடுகின்றன. அந்நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடே இத்தகைய கிருமிகளுக்கு உகந்த இடம். சூடான சோற்றை அண்டாவில் அமுக்கி மூடினால், அண்டாவின் நடுப்பகுதி பல மணி நேரம் அந்த நிலையிலேயே இருந்துவிடும். மூடியில் படியும் ஆவி நீராகி மீண்டும் சோற்றிலேயே சொட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் சங்கம் ஒன்றில் நேர்ந்ததை அவ்வுறுப்பினர்களிடமே நாம் கேட்டறிந்தோம். பொழுது புலருமுன் கிளறிய தேங்காய்ச் சாதத்தைச் சூட்டோடு அண்டாவில் மூடி எடுத்துச் சென்றனர். பிற்பகல் 2 மணிக்குத் திறந்தபொழுது நாற்றமில்லை, நூல் விடவுமில்லை. ஆகவே ஐயமின்றி உண்டனர். திரும்பும் வழியில் குழந்தைகளும் முதியோருமாகப் பலர் வாந்தி எடுத்தனர். உயிருக்குத் தீங்கில்லை; எனினும் ஏழெட்டு வீடுகளில் இரண்டு மூன்று நாள் தறி ஓடவில்லை. நெய்த அளவுக்கே கூலி பெறும் குடும்பத்துக்கு அது எத்தகைய இழப்பென்று நாம் சொல்ல வேண்டுவதில்லை. கண்ணும் மூக்கும் நல்லதென்று சொன்ன சோற்றைக் கடிகாரம் மட்டுமே கெட்டதென்று சொல்லியிருக்கக் கூடும்.

கொள்ளத்தக்கவையும் தள்ளத்தக்கவையும்

கட்டுச்சோற்றுக்கு நம் முன்னோர் புளியோதரையை முதன்மையாகக் கொண்டது காரணமின்றி அன்று. புளிப்பு மிகுந்த இடத்தில் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. புளிக்காய்ச்சலைச் சுண்டக் காய்ச்சுவதால் அதில் நீர் குறைகிறது. உப்பும் நல்லெண்ணெயும் துணை செய்கின்றன. ஒரு கிலோ அரிசிக்குச் சுமார் 150 கிராம் புளியும் 200 மில்லி நல்லெண்ணெயும் கொள்ளலாம். சோற்றைத் தாம்பாளங்களில் பரப்பி, விசிறி, நன்றாக ஆறிய பின்னரே கலத்தல் வேண்டும். வெள்ளைச் சோறு ஓரிடத்தும் தெரியாதவாறு கலத்தல் அதனினும் முக்கியம். புளி படாத சோறு காவலற்ற சோறாகும். எலுமிச்சைச் சாதத்துக்கும் இம்முறையே பொருந்தும்.

தயிர்ச் சாதத்துக்குப் புளித்த தயிரை வாரி ஊற்றுதல் வேண்டா. குழைய வடித்து ஆற்றிய சோற்றில், காய்ச்சி ஆறிய பாலை நிறைய விட்டு, ஒரு கரண்டித் தயிரைப் பிரை ஊற்றினால், பகலுக்குள் அதுவே இனிய தயிர்ச் சாதமாகிவிடும். வெங்காயம், வெள்ளரிக்காய் முதலியவற்றை உண்ணும் இடத்தில் நறுக்கிச் சேர்க்கலாம். இதனைப் பகலிலேயே உண்டு முடித்தல் வேண்டும். மாலைக்கு வைத்தல் கூடாது.

காலைச் சிற்றுண்டிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி போதும். பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற காஞ்சிபுரத்தில், மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து, மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி வேகவைக்கும் கோயில் இட்லி, சட்னி இன்றியே உண்ணத்தக்கது. வரதராசப் பெருமாளுக்கு நிவேதனமாகும் அந்த இட்லி பயணத்துக்கும் ஏற்றதே.

தேங்காய்ச் சாதம், தேங்காய்ச் சட்னி, காய்கறி கலந்த சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு மசியல், முட்டை, இறைச்சி ஆகியவற்றை நெடும்பயணத்தில் தவிர்த்தல் நலம். சட்னிக்கு மாற்றாகத் தேங்காய் சேராத பருப்புத் துவையல் கெட்டியாக அரைக்கலாம். மீன் விரும்புவோர், ஒகேனக்கல்லில் கண்ணெதிரே வறுத்துத் தருவதைச் சூட்டோடு வாங்கி உண்பதே முறை. மாலைக்குப் பொரி, வறுத்த கடலை, கடலை உருண்டை, முறுக்கு, வாழைப்பழம் ஆகியன இருக்க, மீந்த சோற்றைத் தேட வேண்டியதில்லை. காய்ச்சி ஆற்றிய நீர் தலைக்கு 2 லிட்டராவது வேண்டும்.

பெண்டிரின் உறக்கம்

உணவைத் தேர்வதில் மற்றொரு நியாயமும் அடங்கியுள்ளது. ஒரு பயணத்தைப் பற்றி நாம் வினவியபொழுது முதிய அம்மையார் ஒருவர், "இராத்திரி முழுக்க அடுப்படிங்க; பகல் முழுக்க வண்டியிலே தூக்கமுங்க. அருவியை நான் எங்கீங்க பார்த்தேன்?" என்றார். இது சிரித்து மறக்கத்தக்க சொல்லன்று.

புளிக்காய்ச்சலும் மிளகாய்ப்பொடியும் முறுக்கும் இரண்டு நாள் முன்னரே செய்து வைக்கத்தக்கவை. இவற்றைத் தேர்ந்தால் கடைசி இரவில் மிஞ்சுவது சோறு வடிப்பதும் இட்லி வார்ப்பதுமே. வேலையை வீடுகளுக்குள் பங்கிட்டுக்கொண்டால் எவர்க்கும் பாரமாகாது. ஒரு வீட்டில் காய்ச்சல், ஒரு வீட்டில் பொடி, இரு வீடுகளில் இட்லி மாவு என்று முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். எழுதாவிடில் பத்து வீடுகளும் எலுமிச்சைச் சாதமே கொண்டுவரும். சோற்றை ஆற்றவும் பொட்டலம் கட்டவும் ஆடவர் எழுந்து வருவதில் இழுக்கொன்றுமில்லை. 40 பேருக்கு இருவகைச் சாதத்துக்கும் சேர்த்து 4 முதல் 5 கிலோ அரிசி போதுமானது. மிகையாகச் செய்வதே மீந்த சோற்றுக்கும் அதனால் வரும் நோய்க்கும் வழி.

கட்டும் முறை

ஒரே அண்டாவில் அடைப்பதைவிட, ஆறிய சோற்றைத் தலைக்கொரு பொட்டலமாக வாட்டிய வாழையிலையில் கட்டுதல் சிறந்தது. பலர் கை படாது. பரிமாறக் கரண்டியும் வேண்டா. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை இருந்து வருகிறது. அவற்றைத் தேடுவானேன்? வாழையிலையும் பாக்கு மட்டைத் தட்டும் விளைவிப்பவர் நம் உறுப்பினர். பொதியைச் சுற்றும் பருத்தித் துணியை நெய்பவரும் நம் உறுப்பினர். பொட்டலங்களை வெயில் படும் சன்னலோரத்திலோ எஞ்சின் அருகிலோ வையாமல் நிழலில் வைக்க. உண்ணுமுன் எல்லாரும் சோப்பிட்டுக் கை கழுவுக.

இறுதியாக, பயணத்துக்கெனத் திரட்டும் தொகைக்குப் பற்றுச்சீட்டு கொடுத்துத் தனிக் கணக்கு எழுதி, திரும்பியபின் அனைவர்க்கும் படித்துக் காட்டுதல் வேண்டும். பயணத்துக்கு ஒரு வாரம் முன் கூடும் கூட்டத்தில் பேருந்து புறப்படும் நேரத்தைக் குறிக்கும் தாளிலேயே, ஒவ்வோர் உணவையும் சமைக்கும் நேரத்தையும் உண்டு முடிக்க வேண்டிய நேரத்தையும் எதிரெதிரே எழுதிவிடுக. அந்த இடைவெளியைத் தாங்காத பண்டத்தின் பெயரை அங்கேயே அடித்துவிடுக. மறுநாள் ஒவ்வொரு வீட்டிலும் தறி ஓட வேண்டும். ஏர் நடக்க வேண்டும். அதுவே பயணம் இனிது முடிந்தமைக்குச் சான்றாகும்.