பாடம் இலவசம், சான்றிதழுக்கே விலை: இணையவழிக் கல்விக்குப் பணம் செலுத்தும் முன்

பலமனேரிலிருந்து மாவட்டத் தலைநகரான சித்தூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பல்கலைக்கழக நகரமான திருப்பதி அதற்கும் அப்பால். தக்காளியையும் பாலையும் நம்பி வாழும் இவ்வட்டாரக் குடும்பங்களுக்குப் பிள்ளைகளை வெளியூர் விடுதியில் தங்கவைத்துப் படிக்கவைப்பது பெருஞ்சுமை. ஆதலின், வீட்டிலிருந்தே பயில வழிசெய்யும் இணையவழிக் கல்வி இங்குள்ள பெற்றோரைக் கவர்வதில் வியப்பில்லை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது அறிமுகமான இம்முறை, பள்ளிகள் திறந்த பின்னரும் நிலைத்துவிட்டது. இதற்குப் பணம் செலுத்தும் முன் வாடிக்கையாளர்கள் அறிய வேண்டியவற்றை இங்குக் காண்போம்.

கட்டணமின்றிக் கிடைப்பவை

இணையத்தில் தரமான பாடங்கள் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் விரிவுரைகளை எவரும் கேட்கலாம். நடுவண் அரசின் ஸ்வயம் தளம் 2017 ஜூலையில் தொடங்கப்பட்டது. இவற்றில் பாடத்திற்குக் கட்டணமில்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். பள்ளி மாணவர்களுக்கு 2017 செப்டம்பரில் தொடங்கிய தீக்ஷா தளம் உண்டு.

எனவே, ஒரு நிறுவனம் கட்டணம் கேட்கும்போது நாம் வினவ வேண்டியது இதுதான்: இப்பணம் பாடத்துக்கா, வழிகாட்டும் ஆசிரியருக்கா, அன்றிச் சான்றிதழுக்கா? சான்றிதழுக்கு எனில், அதை வழங்கும் அதிகாரம் அந்நிறுவனத்துக்கு உண்டா?

அங்கீகாரம்

இணையவழிப் பட்டங்களைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள் நெறிப்படுத்துகின்றன. குழுவின் அனுமதி பெற்ற நிறுவனம் வழங்கும் இணையவழிப் பட்டம், கல்லூரிக்குச் சென்று பெறும் பட்டத்துக்கு இணையானது. ஆனால் பொறியியல், மருத்துவம், மருந்தியல், செவிலியம், சட்டம், வேளாண்மை போன்றவற்றை இணையவழியில் பட்டப்படிப்பாக நடத்த அனுமதியில்லை. பல்கலைக்கழகம் தன் படிப்பை வேறொரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்து நடத்துவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல், குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் ஆண்டுதோறும் வெளியாகிறது.

இதனைச் சரிபாராமல் சேர்ந்தால் நேரும் இழப்புக்கு அண்மைக்காலச் சான்று உண்டு. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றித் தொலைநிலைக் கல்வி வழியாகப் பொறியியல் பட்டங்களை வழங்கின. 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தோரின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, அவர்கள் மீண்டும் தேர்வெழுத வேண்டியதாயிற்று. அதற்குப் பின் சேர்ந்தோரின் பட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. பட்டத்தைக் கொண்டு பணியில் சேர்ந்து பதவி உயர்வும் பெற்றவர்கள் அவர்களுள் இருந்தனர்.

முறையான வழியும் நம் அருகிலேயே உள்ளது. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. வகுப்புகள் இணையத்தில் நடந்தாலும் தேர்வுகளை மையங்களுக்கு நேரில் சென்றே எழுத வேண்டும். வருவாய் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. பள்ளிக் கல்வியைப் பொறுத்தவரை, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் நடத்தும் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகள் அங்கீகாரம் உடையவை. தனியார் செயலி அளிக்கும் பயிற்சி, பள்ளிக்கு மாற்றாகாது.

கட்டணமா, கடனா?

பல நிறுவனங்கள் "வட்டியில்லாத் தவணை" என அறிவிக்கின்றன. எடுத்துக்காட்டாக, கட்டணம் 60,000 ரூபாய். மாதம் 5,000 வீதம் 12 தவணை என்று கொள்வோம். பெற்றோர் இதைக் கட்டணத் தவணை என்றே எண்ணுகின்றனர். பல வேளைகளில் இது ஒரு நிதி நிறுவனம் அவர்கள் பெயரில் வழங்கும் கடன் ஆகும். பயிற்சி நிறுவனம் முழுத்தொகையையும் தொடக்கத்திலேயே பெற்றுவிடக்கூடும். மூன்றாம் மாதத்தில் மாணவர் விலகினாலும், நிறுவனமே வகுப்பை நிறுத்தினாலும், எஞ்சிய 45,000 ரூபாய் கடன் கணக்கில் நிலுவையாகவே நிற்கும். கணக்கிலிருந்து தானாகப் பிடித்தம் செய்யும் அனுமதியை ரத்து செய்தால் பிடித்தம் நிற்கும், கடன் தீராது. செலுத்தத் தவறினால் கடன் மதிப்பெண் குறைந்து, நாளை வீட்டுக் கடனோ பயிர்க் கடனோ கேட்கும்போது தடையாகும்.

இக்காரணங்களாலேயே நடுவண் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பர் 23 அன்று கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் குறித்துப் பொதுமக்களை எச்சரித்தது. தானியங்கிப் பிடித்தத்தைத் தவிர்க்குமாறும், பெற்றோர் அறியாமலே கடன் ஒப்பந்தம் ஏற்படக்கூடும் என்றும் அவ்வறிவுரை கூறியது.

வங்கியின் கல்விக் கடன் வேறு வகையானது. பொதுவாகப் படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை செலுத்தத் தேவையில்லை. பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தோர் செலுத்தும் வட்டிக்குக் கழிவும் பெறலாம். ஆயினும் எல்லா இணையவழிப் படிப்புக்கும் இக்கடன் கிடைக்காது. படிப்பின் அங்கீகாரத்தையே வங்கி முதலில் பார்க்கும்.

கையொப்பமிடும் முன்

1. நிறுவனத்தின் பெயரை மானியக் குழுவின் பட்டியலில் சரிபாருங்கள்.
2. இடையில் விலகினால் எவ்வளவு கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் பெறுங்கள்.
3. கடன் எனில், வழங்குபவர் யார், ஆண்டு வட்டி எவ்வளவு என்பவற்றைக் கூறும் முக்கிய விவர அறிக்கையைக் கேளுங்கள். செயலி வழிக் கடனாயின், ரிசர்வ் வங்கி விதிப்படி குறிப்பிட்ட நாள்களுக்குள் அசலையும் அந்நாள்களுக்குரிய வட்டியையும் செலுத்தி, அபராதமின்றி விலகலாம்.
4. தொலைபேசியில் எவர் கேட்பினும் ஓ.டி.பி. எண்ணைக் கூறாதீர்கள்.

கட்டணத் தகராறுகளுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும், பண மோசடி நேர்ந்தால் உடனே 1930-ஐயும் அழைக்கலாம். ஐயம் இருப்பின், சேர்க்கைப் படிவத்தையும் கட்டண விவரத்தையும் எடுத்துக்கொண்டு, கையொப்பமிடும் முன் உங்கள் கிளைக்கு வாருங்கள். அது கட்டணமா கடனா என்பதை அத்தாள்களைப் படித்து அலுவலர் உங்களுக்கு விளக்குவார்.